பேராலயத்து மண்

சொதிக்குள் கிடந்த முடி அந்த வீட்டில் யாருடையதும் இல்லை.

பேர்ணடெற் அதைக் கரண்டி நுனியால் எடுத்துக் குசினி விளக்குக்கு நேரே பிடித்தாள். தேங்காய்ப்பால் சொட்டி வடிந்ததும் நிறம் தெரிந்தது. வைக்கோல் நிறம். அவளுடைய கையால் ஒரு முழ நீளம். வீட்டில் இருப்பது அக்கா எமில்டா, அத்தான், ஏழு மாதமாகச் சோபாவில் படுக்கும் அத்தானின் ஒன்றுவிட்ட தம்பி அலெக்ஸாண்டர், அவள். எல்லோருக்கும் கறுத்த முடி.

"தேங்காய்ப்பால் ரின்னோடை வந்திருக்கும்," என்றான் அலெக்ஸாண்டர். "வெள்ளைக்காரியின்ரை. சும்மா தந்திருக்கிறாங்கள், வைச்சிரும்."

அக்கா சிரித்தாள். அதே சட்டியிலிருந்து இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டாள். பேர்ணடெற் தன் கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

அலெக்ஸாண்டர் நோர்வேயில் ட்ரொண்ட்ஹைம் என்ற நகரத்தில் உணவகமொன்றில் கோப்பை கழுவிவிட்டு வந்தவன். அங்கிருந்து கொண்டுவந்த படஅட்டைகளைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருந்தான். ஆற்றுக்குள் மரக்கால் ஊன்றி நிற்கும் பழைய பண்டகசாலைகள், சிவப்பும் மஞ்சளுமாய். சிவப்பு வாசல் வைத்த மரப்பாலம். துறவிகளின் தீவு; அவர்களுக்கும் முன்னொரு காலத்தில் வெட்டிய தலைகளைக் கழியில் குத்தி வைத்த இடம். இப்போது கோடையில் சனம் அங்கே குளிக்கப் போகிறதாம். நடுவில், சாம்பல்பச்சைக் கல்லில், பேராலயம்.

"ஓலாவ் எண்டு ஒரு ராசா, சண்டையிலை செத்தவர்," என்று வந்த அன்றே சொன்னான். "ஒரு வருசத்தாலை கிண்டிப் பாத்தால் உடம்பு அப்பிடியே கிடக்குது. தலைமயிரும் நகமும் வளந்து போய்க் கிடக்குதாம். பிஷப்தான் வெட்டிவிட்டவர். அவரைத் தாட்ட இடத்திலைதான் உந்தக் கோயில் எழும்பினது."

கோயில் சுவரோரம் திருத்த வேலைக்குக் கிண்டிய மண்ணில் ஒரு பிடியை அவன் ஜாம் போத்தலில் கொண்டுவந்திருந்தான். அக்காவுக்கு. அவளுக்கு இரண்டு தரம் பிள்ளை வயிற்றில் தங்காமல் போயிருந்தது. ஊரில் மடு மாதா கோயில் மண்ணைக் கரைத்துக் குடிப்பதுபோல அவள் தினமும் ஒரு சிட்டிகையைச் சுடுநீரில் கரைத்துக் குடித்தாள். இந்தப் பிள்ளை தங்கிவிட்டது. ஆறு மாதமும் கடந்துவிட்டது.

"அக்கா, அந்த மண்ணுக்குள்ளை என்ன கிருமி கிடக்குமெண்டு தெரியுமோ?"

"பி.எஸ்சி. படிச்சிட்டு டோனட் கடையிலை நிக்கிறாய். எனக்குக் கிருமி படிப்பிக்க வந்திட்டாய்."

பேர்ணடெற் போத்தலைத் தொடாமல் விட்டாள். தான் தடுத்து, பிறகு பிள்ளைக்கு ஏதும் நடந்தால்? அந்த ஒரு நினைப்பே போதுமாயிருந்தது.

அடுத்த கிழமை குளியல் தொட்டியில் தண்ணீர் இறங்கவில்லை. உடுப்புக் கொளுவும் கம்பியை நிமிர்த்தி உள்ளே விட்டுக் கிளறினாள். ஈரமண்ணும் பழைய கொழுப்பும் கலந்த வாடை முகத்தில் அடிக்க, சாம்பல் நிறச் சவர்க்கார அழுக்கில் தோய்ந்த வைக்கோல் நிறக் கற்றை ஒன்று, செத்த எலியின் கனத்தோடு, சளக் என்று மேலே வந்து அவள் மணிக்கட்டில் ஒட்டியது. வெந்நீரில் கழுவியும் வழுவழுப்புப் போகவில்லை. அன்று மாலையே கம்பளத்தில் ஏதோ காலில் குத்தியது. நகத்துண்டு. மஞ்சளாய், மாட்டுக்கொம்புச் சீவல் போலத் தடித்தது. அக்கா நகம் கடிப்பவள்.

கருப்பைக்குள் பிள்ளைக்கும் முடி வளரும், நகம் வளரும் என்று விலங்கியலில் படித்ததைத் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். அது ஆறுதலாக இல்லை.

"அலெக்ஸ் அண்ணை, அந்த ராசாவுக்கு வெட்டின பிறகும் முடி வளந்ததோ?"

"ஓம். பிறகு வந்த ராசாமார் உடம்பு கிடந்த வெள்ளிப் பெட்டியின்ரை திறப்பை வைச்சிருந்து, முடியும் நகமும் வெட்டிக்கொண்டு வந்தவை. கடைசி ஆள் வெட்டிப் பூட்டிப்போட்டு, திறப்பை ஆத்துக்குள்ளை எறிஞ்சிட்டார். கனகாலத்தாலை டென்மார்க்காரர் அந்தப் பெட்டியை உருக்கக் கொண்டுபோயிட்டினம். உடம்பு கோயிலுக்குள்ளை எங்கை கிடக்குதெண்டு இண்டைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது."

"அப்ப பிறகு ஆர் வெட்டினது?"

அவன் பாண் துண்டைச் சொதியில் தோய்த்தான். "பிறகு ஒருத்தரும் வெட்டேல்லை."

சனிக்கிழமை அவனும் அத்தானும் தொட்டில் எடுக்க நகரின் மறுகோடியில் இருந்த ரெக்ஸ்டேலுக்குப் போனார்கள். தை மாதம். பின்னேரமே இருட்டிவிட்டது, வோபர்னில் அவர்களுடைய மாடிவீட்டுக்குக் கீழே தெருவில் பஸ்களின் வெளிச்சம் பனியில் ஊர்ந்தது. சுவரோரச் சூட்டுக் குழாய் டக், டக் என்றது. அக்கா அறையில் தூங்கினாள். பேர்ணடெற் மாதா படத்துக்கு முன்னால் இருந்த ஜாம் போத்தலை எடுத்தாள். கனமில்லை. மூடியைத் திருகினாள்.

மண் இல்லை. வாய்வரை முடி. சுருண்டு, ஈரமாய், இறுக்கமாய். மூடி கழன்றதும் அது மெல்ல மேலெழுந்தது.

மூடியை அழுத்திக்கொண்டு வாசலுக்கு வெளியே மாடி நடைக்கு ஓடினாள். குப்பையைக் கீழ்த்தளத்துக்கு விழுத்தும் குழாய்க்குள் போத்தலை எறிந்தாள். காத்திருந்தாள். கண்ணாடி உடையும் சத்தம் கேட்கவில்லை.

"எடி, இஞ்சை வா," அக்காவின் குரல். "பிள்ளை துடிக்குது. கை வைச்சுப் பார்."

அறை இருட்டு. ஈரமண் வாடை. பேர்ணடெற் வயிற்றில் கை வைத்தாள். உதை இல்லை. துடிப்பு இல்லை.

பிறாண்டல். நீளமாக. மெதுவாக. மூடிய மரப்பெட்டியை உள்ளிருந்து பிறாண்டுவதுபோல. ஒரு விரல். பிறகு எல்லா விரலும்.

"அக்கா."

அக்கா கண் திறக்கவில்லை. இருமினாள். உதட்டோரம் ஏதோ மினுங்கியது. மெல்லிய வைக்கோல் நிற நூல். பேர்ணடெற் அதை விரலில் சுற்றிப் பிடித்தாள். இழுத்தாள். வந்தது. எச்சில் கோத்து, வெதுவெதுப்பாய், வந்தது. இன்னும் வந்தது. முடியவில்லை.

"இழுக்காதை," என்றாள் அக்கா, தூக்கத்தில். "பிள்ளைக்கு நோகுது."

பேர்ணடெற் விட்டாள்.

அது விடவில்லை. விரலைச் சுற்றி இறுகியது. பிறகு உள்ளிருந்து, அவசரமில்லாமல், இழுபடத் தொடங்கியது. அவளுடைய விரல் நுனியில் அக்காவின் உதடு பட்டது. பிறகு பல்.