உள்ளே: இரண்டு பேர்

ஃபாயிஸா மூன்றாவது முறையாகக் கதவைத் தோளால் இடித்துப் பார்த்துவிட்டு, லேப்டாப்பிடம் ஓடி வந்து, விறைத்துப்போன விரலால் 'மறுபடி முயல்க' பொத்தானை அழுத்தினாள்.

அதே சிவப்புக் கட்டம்.

'அறை 3. பதிவில்: 1. உள்ளே இருப்பவர்: 2. கதவு திறக்காது.'

திரும்பிப் பார்த்தாள். நான்கு வெள்ளைச் சுவர்கள். தலை உயரத்துக்கு அடுக்கிய பூக்கூடைகள். அவற்றின்மேல் போர்த்திய ஈரச் சாக்குகள். மேலே ஆள் தலை எண்ணும் கேமரா, மூக்குத்திக் கல் போல ஒரு சிவப்புப் புள்ளியை எரியவிட்டுக்கொண்டு சும்மா இருந்தது. அவளைத் தவிர வேறு யாருமில்லை.

வெளியே நிலக்கோட்டையின் மே மாத வெயில் ரோட்டுத் தாரை உருக்கிக்கொண்டிருந்தது. மணி ஒன்றேகால். காலையிலேயே சந்தை முடிந்து, வேன்கள் கிளம்பி, குடோனே காலி. உள்ளே நாலு டிகிரிக் குளிர். அந்தக் குளிரில் மல்லிகை வாசனைகூட மணமாக இல்லை. நனைந்த துணியை மூக்கில் வைத்து அமுக்குவதுபோல் இருந்தது.

வெப்சைட்டுகளைத் தானாகச் சோதித்துப் பார்க்கும் ஸ்கிரிப்ட் எழுதுவது ஃபாயிஸாவின் வேலை. திண்டுக்கல்லில் ஒரு மாடி ஆபீஸ். மனுஷக் கை படாமல் ஸ்கிரிப்டே பக்கத்தைத் திறக்கும், பாஸ்வேர்டு போடும், ஒவ்வொரு பொத்தானாக அழுத்தும், எல்லாம் சரியென்றால் பச்சை டிக் காட்டும். இந்தக் குடோனின் கதவு, பூட்டு, குளிர் அத்தனையும் ஒரே வெப்சைட்டில் இயங்கின. எழுதியவன் விக்னேஷ்குமார். சோதித்தவள் அவள். இன்றும் கேமராவை நேரில் சோதிக்கத்தான் தனியாக உள்ளே வந்திருந்தாள்.

போன மாதம்தான் முதலாளி சோலைமுத்து ஒரு புது விதி கேட்டார். "உள்ள இருக்குற தலை ஒவ்வொண்ணுக்கும் பேரு வேணும் தாயி. பேரில்லாத தலை ஒண்ணு இருந்தாலும் கதவு அசையக் கூடாது."

அவர் சொன்னது பூட்டுவதற்கு. இவர்கள் எழுதியது 'அசையக் கூடாது' என்று. திறப்பதற்கும் அதே விதிதான் என்பது நாற்பது முறை சோதித்தும் யாருக்கும் உறைக்கவில்லை. நாற்பது முறையும் பச்சை.

சுவர் தடிமனில் செல்போன் சிக்னல் செத்துப்போயிருந்தது. குடோனின் வைஃபை மட்டும் பிழைத்திருந்தது. லேப்டாப்பிலிருந்தே விக்னேஷ்குமாரை அழைத்தாள்.

"என்னா, ஐஸ்கிரீம் ஆயிட்டியா?" வாயில் சோற்றோடு கேட்டான்.

"விளையாடாத விக்னேஷு. கதவு திறக்கல. உள்ள ரெண்டு பேருன்னு காட்டுது."

"ஏதாச்சும் கூடையத் தலைன்னு எண்ணியிருக்கும்."

"அம்புட்டையும் நகட்டிப் பாத்துட்டேன். ரெண்டுலயேதான் நிக்குது."

தட்டை நகர்த்தும் சத்தம். கீபோர்டு தட்டும் சத்தம்.

"எனக்கும் அதே சிவப்புதான் வருது." இப்போது குரலில் கேலி இல்லை. "முதலாளி போன எடுக்கல. கன்னிவாடியில காதுகுத்துன்னு போனாரு. வாட்ச்மேன் முத்துச்சாமி அண்ணன அனுப்புறேன். நானும் வண்டிய எடுக்குறேன். முக்கா மணி நேரம் தாங்குவியா?"

"வா. சீக்கிரம் வா."

"சரி, நீ எதுக்கு டிகிரியக் குறைக்கிற?"

ஃபாயிஸா சுவரைப் பார்த்தாள். அங்கே குளிரின் அளவைக் காட்டும் சிவப்பு எண் நான்கிலிருந்து மூன்றாகியிருந்தது.

"நான் எதையுமே தொடல."

"ஸ்கிரிப்ட் ஓடுதே? இங்க எனக்குத் தெரியுதே?"

திரையைப் பார்த்தாள். அம்புக்குறி தானாக நகர்ந்துகொண்டிருந்தது.

அவளுக்கு அது புதிதல்ல. தினமும் பார்ப்பதுதான். ஆனால் அவள் எழுதிய ஸ்கிரிப்ட் பறக்கும். கண் சிமிட்டுவதற்குள் பக்கம் நிரம்பும். இது அப்படி இல்லை. கம்ப்யூட்டரை முதல்முதலாகத் தொடும் ஒரு ஆள், ஒற்றை விரலால், தயங்கித் தயங்கித் தேடுவதுபோல ஊர்ந்தது. குளிர் என்று எழுதிய இடத்துக்குப் போனது. நின்றது. அழுத்தியது.

இரண்டு டிகிரி.

மவுஸின் வயரைப் பிடுங்கினாள். மவுஸைத் தூக்கி எறிந்தாள். அம்பு நிற்கவில்லை.

தலைக்கு மேல் குளிர்க்காற்று விசிறி ஒரு உறுமலோடு ஓய்ந்தது. அது ஓய்ந்த பிறகுதான் மற்ற சத்தங்கள் கேட்டன. சாக்கிலிருந்து நீர் சொட்டும் சத்தம். அவளுடைய பற்கள் அடித்துக்கொள்ளும் சத்தம். அப்புறம், கூடை அடுக்குக்குப் பின்னால் எங்கோ, கண்ணாடி வளையல்கள் ஒன்றோடொன்று உரசி அடங்கும் சத்தம்.

அவள் கையில் வளையல் கிடையாது.

"ஏ ஃபாயிஸா..." விக்னேஷ்குமார் வண்டியை ஓரங்கட்டியிருந்தான். பின்னால் லாரி ஹாரன் கேட்டது. "முத்துச்சாமி அண்ணன் கதவுக்கு வெளியதான் நிக்குறாராம். உன்கூட யாரு இருக்கா?"

"யாருமில்ல."

"ரெண்டு பொம்பளைக் குரல் கேக்குதுங்குறாரு. ஒண்ணு நீ பேசுறது. இன்னொண்ணு..." குரலைத் தாழ்த்தினான். "இன்னொண்ணு பூக்கட்டுதாம். கண்ணி எண்ணுதாம். பதினொண்ணு, பன்னெண்டுன்னு."

"கதவ ஒடைக்கச் சொல்லு!"

"எங்க ஒடைக்க? செருப்பக்கூட விட்டுட்டு ஓடிட்டாரு மனுசன். மெயின் ரோட்டுல நின்னுக்கிட்டுத்தான் என்கிட்ட பேசுறாரு."

ஃபாயிஸா கதவோடு முதுகை ஒட்டிக்கொண்டாள். இரும்பின் குளிர் துப்பட்டாவைத் தாண்டி எலும்பில் ஏறியது. வாய் துஆவை முணுமுணுத்தது. பாதியில் வரி மறந்துபோனது.

"போன மாசம் அந்த ரூம்லதான பூக்கட்டுற பிள்ளை ஒண்ணு விறைச்சுப்போச்சு?" விக்னேஷ்குமார் மெதுவாகக் கேட்டான். "காத்துல கதவு தானா சாத்திக்கிச்சுன்னாங்களே. பேருகூட என்னமோ..."

"எனக்குத் தெரியாது."

"இல்ல, நம்ம ஆபீஸ்லகூட..."

"தெரியாதுங்குறேன்ல!"

ஒரு டிகிரி.

திரையில் புதிதாக ஒரு கட்டம் திறந்திருந்தது.

'இரண்டாவது நபரின் பெயர். கட்டாயம் நிரப்பவும்.'

அதை வாசித்துக் காட்டினாள். "அம்புட்டுதான? வாய்க்கு வந்த பேரைப் போடு!" என்றான். "தெனமும் போடுவியே, டெஸ்ட்டுன்னு. அதையே போடு. நான் செம்பட்டி தாண்டிட்டேன், இதோ வந்துர்..."

இணைப்பு அறுந்தது.

விரல்கள் மரக்கட்டையாகியிருந்தன. விரல் முட்டியால் தட்டி 'டெஸ்ட்' என்று எழுதினாள்.

'இந்தப் பெயரில் உள்ளே யாரும் இல்லை.'

அப்படியொரு செய்தியை விக்னேஷ்குமார் எழுதவில்லை. அவளும் சோதிக்கவில்லை.

முத்துச்சாமி என்று போட்டாள். யாரும் இல்லை. அக்கா ரஃபியாவின் பெயரைப் போட்டாள். யாரும் இல்லை. கண்ணில் வந்த நீர் இமையிலேயே குத்தியது.

பூஜ்யம்.

அவளுக்கு அந்தப் பெயர் தெரியும். ஒரு மாதமாகத் தெரியும். சோறு பிசையும்போது, தொழுகைப் பாயை விரிக்கும்போது, பஸ்ஸில் பக்கத்து இருக்கைப் பெண் தலையில் பூ வைத்திருக்கும்போது, நாக்கு நுனிவரை வந்து நிற்கும் பெயர். ஒருமுறைகூட வெளியே விட்டதில்லை.

விசிறி மறுபடி ஓய்ந்தது.

"இருபத்தொண்ணு." கூடைகளுக்குப் பின்னால்.

"இருபத்திரெண்டு." கூடைகளுக்கு இந்தப் பக்கம்.

"இருபத்திமூணு." காதோரம். மூச்சில் சூடே இல்லை.

ஃபாயிஸா தட்டினாள்.

நா. க. ஜோ. தி.

பச்சை டிக்.

பூட்டு சடக்கென்று விலகியது. கதவு ஒரு சாண் திறந்தது. அந்த இடுக்கு வழியே மே மாத வெயில் கத்திபோல் உள்ளே விழுந்தது. சூடான காற்று, மண் வாசனை, எங்கோ ஒரு பஸ் ஹாரன். பாய்ந்தாள். நாலே எட்டு.

அவளுக்கு முன்னால் வேறொன்று போனது. ஈரக் கூந்தலின் நுனி அவள் கன்னத்தில் இழைந்தது. தரையில் விழுந்திருந்த வெயில் கோட்டை ஒரு ஆள் அகலத்துக்கு இருட்டு மறைத்தது. விலகியது.

கதவு சாத்திக்கொண்டது.

சடக்.

'நாகஜோதி வெளியேறினார். உள்ளே இருப்பவர்: 1.'

இடித்தாள். கத்தினாள். கத்தல் வெள்ளைச் சுவரில் பட்டுச் செத்தது. சுவரில் எண்ணுக்கு முன்னால் ஒரு சிறு கோடு முளைத்திருந்தது. மைனஸ் இரண்டு. மைனஸ் மூன்று.

திரையில் அம்பு நிதானமாக நகர்ந்து, 'பூட்டிய விவரம்' என்ற பக்கத்தைத் திறந்தது. இரண்டே வரிகள்.

'அறை 3. உள்ளே: ஃபாயிஸா. பூட்டியவர்: நாகஜோதி. இன்று, பகல் 1.58.'

அதற்குக் கீழே இருந்த வரியை ஏப்ரல் பதினோராம் தேதி ராத்திரி, ஆபீஸில் எல்லோரும் போன பிறகு, அவளே அழித்திருந்தாள். பதிவு இருந்த மூன்று இடங்களிலும். சோதனைக்கான போலித் தளம் என்று நினைத்து, குடோனின் நிஜத் தளத்தில் ஓட்டிவிட்ட, கதவைப் பூட்டிப் பார்க்கும் நாற்பது விநாடிச் சோதனை. டிக் விழுந்ததும் டீ குடிக்கப் போய்விட்டாள்.

இப்போது ஒரு எழுத்துக் குறையாமல் இருந்தது.

'அறை 3. உள்ளே: நாகஜோதி. பூட்டியவர்: ஃபாயிஸா. முடிவு: பச்சை.'