ஒத்திகை இல்லாத கட்டளை

திங்கட்கிழமை காலை சால்ட்டோ நகர வானொலியில் வால்டெமார் ஒலிவெராவைக் காணவில்லை. அவர் இறந்து எட்டு வருடமாகிறது. காணாமல் போனது குரல். மாலைதோறும் ஆற்றின் மட்டத்தை வாசித்த அந்தக் குரல் நிலையத்தின் கணினியில் பதிவுகளாக இருந்தது. இப்போது அந்த இடம் காலி.

காவல் ஆய்வாளர் மிர்த்தா எச்செனிக்கே பதினொரு மணிக்கு வந்தாள். புகாரைப் படித்ததும் வேறு யாரையும் அனுப்ப மனம் வரவில்லை. சிறுவயதில் அந்தக் குரல் ஆறு ஏறுகிறது என்றால் அப்பா மெத்தைகளை மேசைமேல் ஏற்றுவார். இறங்குகிறது என்றால் அம்மா மாத்தே தேநீருக்கு வெந்நீர் வைப்பாள்.

நிலையத்தில் எல்லோரும் மரியாதையாகத் தொன் என்றழைக்கும் இயக்குநர் எவாரிஸ்தோ அவள் அடையாள அட்டையை வாங்கி, அப்பா வழிப் பெயரும் அம்மா வழிப் பெயருமாக முழுக்கப் படித்தார்.

"வாங்க, எச்செனிக்கே மொராலெஸ். அழிச்சது யாருன்னு நானே சொல்லிடறேன். ப்ரிசுவேலா துவார்த்தே. கணினிப் பொண்ணு. அழிக்கிற நிரலே அவ எழுதினது."

"அவங்க ஏன் அழிக்கணும்?"

"போன வாரக் கூட்டத்துல, செத்தவர இன்னும் எத்தனை வருஷம் சுமக்கறதுன்னு கத்தினா. எல்லாரும் கேட்டாங்க. சாயங்காலம் வேலைநீக்கக் கடிதம் குடுக்கப் போறேன்."

"நீங்க அந்த நிரலை ஓட்டினதுண்டா?"

"நானா? அந்தக் கறுப்புத் திரையைப் பாத்தாலே தல சுத்தும்."

கணினி அறையில் லுஹான் ப்ரிசுவேலா கண்கள் சிவந்து உட்கார்ந்திருந்தாள். ஒலிப்பதிவாளர் நெல்சன் வெந்நீர்க் குடுவையிலிருந்து ஊற்றி மாத்தே நீட்டினான்.

"அழாத ஒல்லி. குடி, ஆறிடும்."

"நீ சும்மா இரு. பதிவு அழிஞ்ச சனிக்கிழமை சாவி உங்கிட்டயும்தான இருந்துச்சு."

"எங்கிட்ட, உங்கிட்ட, தொன்கிட்ட. சாவி மூணு, பழி ஒண்ணு."

"கடவுச்சொல்?" என்றாள் மிர்த்தா.

"மூணு பேருக்கும் ஒண்ணுதான் மேடம்," என்றாள் லுஹான்.

"செத்தவரச் சுமக்கறதுன்னு சொன்னீங்களா?"

"சொன்னேன். பதிவுகள வைக்க இடமில்ல, புது வட்டு வாங்கித் தராம இழுத்தடிச்சாங்க. அந்தக் கடுப்புல வந்துடுச்சு."

"நிரல் எப்படி ஓடும்?"

"அதோட பேரை அடிக்கணும். இடைவெளி விட்டு, யாரோட பதிவு போகணுமோ அவர் குடும்பப் பேரு. கடைசியில ஒத்திகைன்னு சேத்தா எதையும் அழிக்காது. எது எது போகும்னு காட்டும், அவ்வளவுதான். ஒத்திகை பாக்காம நான் ஒரு நாளும் ஓட்டினதில்ல."

திரையின் ஓரத்தில் அவள் ஒட்டிய மஞ்சள் தாள் இருந்தது. நிரல், பெயர், ஒத்திகை. கடைசிச் சொல்லின் கீழே இரண்டு கோடு.

"ஒலிவெரா மட்டும்தான் போயிருக்காரா?"

யாரும் பார்த்திருக்கவில்லை. ஒலிவெரா போன துக்கத்தில் மற்றதைத் தேட யாருக்கும் தோன்றவில்லை. லுஹான் திரையில் மேலும் கீழும் தேடினாள்.

"பெந்தாங்கூரும் இல்ல மேடம்."

"நம்ம ஃபபியானா?" நெல்சன் சிரித்தான். "அவன் போனா யாரு அழப் போறா? போன மாசம்தான் எங்கள விட்டுட்டு எதிர்க்கரை வானொலிக்கு ஓடினான்."

மிர்த்தா இயக்குநரை அழைத்தாள்.

"தொன் எவாரிஸ்தோ, எதிர்க்கரைக்குப் போனவர் பேரு என்ன?"

"அந்தத் துரோகியா? பெந்தாங்கூர் ஒலிவெரா."

லுஹான் திரையிலிருந்து திரும்பிப் பார்த்தாள்.

"லுஹான், உங்க பேரை இவர் சொல்ற மாதிரி அடிங்க. ஒத்திகையோட."

அவள் அடித்தாள். நிரலின் பெயர், இடைவெளி, ப்ரிசுவேலா, இடைவெளி, துவார்த்தே, இடைவெளி, ஒத்திகை. திரையில் இரண்டு வரி வந்தது. ப்ரிசுவேலா என்ற பெயரில் பதிவு இல்லை. துவார்த்தே என்ற பெயரில் பதிவு இல்லை.

"ஒருத்தரைக் கேட்டா ரெண்டு பேரைத் தேடுது," என்றாள் மிர்த்தா.

"ஒவ்வொரு சொல்லும் அதுக்கு ஒரு ஆளு மேடம். அப்பா வழிப் பேரு ஒண்ணு போதும்னு சொல்லியிருந்தேன்."

"ஒலிவெரா மேல கோபம்னா பெந்தாங்கூர் ஏன் போகணும்? பெந்தாங்கூரைத்தான் அழிக்க வந்தாங்க. அவரோட அம்மா வழிப் பேரு ஒலிவெரா, அதையும் சேத்து அடிச்சதுல வால்டெமாரும் போயிட்டார். நெல்சனுக்கு அவர் வெறும் ஃபபியான். உங்களுக்குப் பெந்தாங்கூர். இந்த நிலையத்துல அம்மா வழிப் பேரையும் விடாம சொல்ற ஆளு ஒருத்தர்தான். எங்கிட்டயும் அப்படித்தான் பேசினார். ஒத்திகை பாத்திருந்தா ரெண்டு பேரும் திரையில வந்திருப்பாங்க. நிறுத்தியிருப்பார்."

தொன் எவாரிஸ்தோ நாற்காலியைத் தேடிப் பிடித்தார்.

"அந்தத் துரோகி குரல் என் நிலையத்துல இருக்கக் கூடாதுன்னு நெனச்சேன். அந்த மஞ்சத் தாளப் பாத்து அடிச்சேன். ஒத்திகை எதுக்கு, எனக்கென்ன சந்தேகமான்னு விட்டுட்டேன். காலையில வால்டெமாரும் இல்லன்னதும்..." சட்டைப்பையைத் தடவினார். "வால்டெமாரோட நான் இருபது வருஷம் மாத்தே குடிச்சிருக்கேன்."

"பழிய மட்டும் இவளுக்கு ஊத்திக் குடுத்தீங்க," என்றான் நெல்சன். "கடிதத்தக் கிழிக்காதீங்க தொன். பேரை மாத்தினா போதும். ரெண்டு குடும்பப் பேரும் போட்டு."

இயக்குநர் சட்டைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்து லுஹானின் மேசையில் வைத்தார். அவள் அதைத் தொடவில்லை.

"இனி அந்தக் குரல் எங்கயும் கிடையாதா?" என்று மிர்த்தா கேட்டாள். காவல்துறைக்கு வேண்டிய கேள்வி இல்லை அது.

லுஹான் யோசித்தாள். பிறகு எதிர்க்கரைக்குத் தொலைபேசி போட்டு, எல்லோரும் கேட்க ஒலிபெருக்கியில் வைத்தாள்.

"வால்டெமார் மாமா குரலா?" என்றது ஃபபியானின் குரல். "கிளம்பறப்ப ஒரே ஒரு நாள் பதிவை எடுத்துட்டு வந்தேன். திருட்டுன்னா தொன் வந்து புடிச்சுக்கட்டும்."

"போடு," என்றார் தொன் எவாரிஸ்தோ, தலை நிமிராமல்.

ஒரு கரகரப்பு. பிறகு அந்தக் குரல்.

"சால்ட்டோ துறையில் ஆற்றின் மட்டம் ஆறு மீட்டர் இருபது. இறங்குகிறது."

மிர்த்தாவின் கை வெந்நீர்க் குடுவையைத் தேடிப் போனது.