உருண்டையின் குளியல்

அம்மா இறந்த பிறகு உருண்டை பேசுவதை நிறுத்திவிட்டான். நான்கு வயது. பசித்தால் அக்காவின் பாவாடையைப் பிடித்து இழுப்பான். வேண்டாம் என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

"பாவம், பச்சைப்பிள்ளை" என்று, அவன் கேட்காமலேயே அத்தைமார் எல்லாவற்றையும் அவன் கையில் கொடுத்தார்கள். அக்காவுக்குத்தான் பயம். தம்பியின் குரல் திரும்பி வராமலே போய்விட்டால்?

அப்பா பஸ் ஓட்டுபவர். காலையில் கிளம்பும் அவசரத்தில் அவன் தலையில் மளமளவென்று தண்ணீர் ஊற்றித் துடைத்துவிடுவார்.

ஒரு நாள் அதைப் பார்த்துக்கொண்டிருந்த அக்கா, "எங்கேயுமே நிக்காம போறீங்கப்பா" என்றாள்.

"என்னம்மா சொல்றே?"

"அம்மா சாயங்காலம் குளிப்பாட்டுவாங்க. உங்க பஸ் மாதிரி ஒவ்வொரு ஸ்டாப்பிங்லயும் நிப்பாங்க. முதல்ல கால். அப்புறம், 'அடுத்து என்ன?'ன்னு கேப்பாங்க. இவன் 'முட்டி'ம்பான். அதுக்கப்புறம்தான் வண்டி நகரும்."

அப்பா கையிலிருந்த குவளையையே பார்த்தார். "எனக்குத் தெரியாதேம்மா. அந்த நேரத்துல நான் வண்டியில இருப்பேன்."

"இனிமே சாயங்காலம் நானே குளிப்பாட்டுறேன்."

அன்று மாலை அவன் காலில் தண்ணீர் ஊற்றினாள். "அடுத்து என்ன?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். குழாய் சொட்டியது. வேறு சத்தமில்லை. மெல்ல முட்டிக்குப் போனாள்.

மறுநாளும் அதே நேரம், அதே வாளி, அதே கேள்வி.

"தினமும் இவ்வளவு நேரமா தேய்ப்பே? உன் தம்பி என்ன யானையா?" என்று வாசலில் தோழி சலித்துக்கொண்டாள்.

"ஆமாம், குட்டி யானை. நீங்க விளையாட ஆரம்பிங்க, வந்துடுறேன்."

சில நாள் அவன் உதடு அசையும். ஒரு நாள் கேட்கும் முன்பே முட்டியை நீட்டினான். அக்கா அதில் தண்ணீரை ஊற்றினாள்.

அப்பாவுக்கு விடுமுறை நாள் வந்தது. "இன்னைக்கு நான் குளிப்பாட்டுறேன்" என்றார் அப்பா. பழக்க தோஷம், குவளை நேரே தலைக்குப் போனது.

சின்னக் கை ஒன்று அதைத் தடுத்தது.

"கால்."

கரகரத்த, சின்னஞ்சிறு குரல். குளியலறை வாசலில் நின்ற அக்கா கதவை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஓடிப்போய்த் தூக்கிக் கொஞ்ச வேண்டும் போலிருந்தது. ஆனால் போகவில்லை.

அப்பா காலில் ஊற்றினார். "அடுத்து என்ன?"

"முட்டி."

"அடுத்து?"

உருண்டை யோசித்தான். "அப்பா, நீ உக்காரு."

சட்டையோடு ஈரத்தரையில் உட்கார்ந்தார் அப்பா. உருண்டை குவளையைப் பிடுங்கி அவர் காலில் ஊற்றினான்.

"அடுத்து என்னப்பா?"

அப்பாவின் உதடு மட்டும் அசைந்தது. உருண்டை அவசரப்படவில்லை. அவர் வாயையே பார்த்துக்கொண்டு காத்திருந்தான்.