செமினார் ஹாலில் சிக்னல் இல்லை

மயிலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த இன்ஜினியரிங் காலேஜுக்கு நான் போய் இறங்கியபோது உச்சி வெயில். 2015, மே மாதம். செமஸ்டர் லீவு, வளாகத்தில் ஈ காக்கை இல்லை. காலேஜ்களுக்கு வைஃபை போட்டுக் கொடுக்கும் சின்ன கம்பெனியில் எனக்கு வேலை. எங்கே சிக்னல் அறுந்தாலும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடுவது ஜாக்குலின் என்கிற நான்தான். "ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணீங்களா?" என்று கேட்டே பாதிப் பிழைப்பு ஓடிவிடும்.

அன்றைக்கு எனக்குக் கேலி வரவில்லை. என் தங்கை சகாய பிரியா அங்கேதான் கடைசி வருஷம். மூன்று மணிக்கு செமினார் ஹாலில் உட்கார்ந்து, வீடியோவில் சென்னைக் கம்பெனிக்கு இன்டர்வியூ கொடுக்க வேண்டும். ஏற்கெனவே ஒரு தடவை சிக்னல் பாதியில் அறுந்து தள்ளிப்போன இன்டர்வியூ. இதுதான் கடைசி சான்ஸ் என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். லேப்டாப்புக்கு நேராகக் கேபிள் இழுத்துவிடலாம் என்றால் வைஃபை பெட்டி எட்டாத உயரத்தில் இருந்தது, ஏணியோ லீவில் போன எலக்ட்ரீஷியனின் ரூமில் பூட்டிக் கிடந்தது. திண்டிவனத்தில் அம்மா மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றிவிட்டுக் காத்திருந்தாள்.

அட்டெண்டர் தையல்நாயகி பூட்டைத் திறந்துவிட்டு வாசலிலேயே நின்றுகொண்டாள்.

"உள்ள வரலையாக்கா?"

"நீங்க ஜல்தியா பாத்துட்டு வந்துருங்க மேடம். நான் இங்கயே உக்காந்துக்கினு இருக்கேன்."

பூட்டிக் கிடந்த ஹாலில் தூசி வாடைதான் அடிக்க வேண்டும். எனக்கு அடித்தது தேங்காயெண்ணெய், பவுடர், வேர்வை, வாடிய மல்லிகை. இப்போதுதான் வகுப்பு முடிந்து எழுந்து போன மாதிரி இருந்தது. ஏசி ஓடாமலே உள்ளே குளிர்ந்தது.

பெட்டிக்கு நேர் கீழே நின்றேன். அங்கேயும் சிக்னல் பாதிக்குக் கீழே. சேனலை மாற்றினேன், ரீஸ்டார்ட் செய்தேன். ஒன்றும் அசையவில்லை.

எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. மனுஷ உடம்பில் பெரும்பங்கு தண்ணீர். அது சிக்னலைக் குடித்துவிடும். அதனால் காலி ஹாலில் சோதித்தால், ஆட்கள் வந்து உட்கார்ந்த பிறகு எவ்வளவு குறையும் என்று கழித்துத்தான் கணக்குப் போடுவோம்.

என் திரையில் தெரிந்தது ஆட்கள் நிறைந்த ஹாலின் அளவு.

ஹாலில் இருந்தது நான் மட்டும்.

கடுப்பில் என் வாய் சும்மா இருக்கவில்லை. வெறும் நாற்காலிகளைப் பார்த்து, "கொஞ்ச நேரம் வெளிய போங்கப்பா. என் தங்கச்சிக்கு இன்டர்வியூ இருக்குது" என்றேன்.

திரையில் சிக்னல் கோடு ஏறியது. ஒவ்வொரு வரிசையாக எழுந்து போவது போல, நின்று நின்று ஏறியது.

முழுசாக ஏறியது.

வாசலில் தையல்நாயகி சடக்கென்று எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள். யாருக்கோ வழி விடுகிறவள் போல.

"இன்னா மேடம் பண்ணீங்க? யாரைப் போகச் சொன்னீங்க?" குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"யாருக்கா அது?"

"மூணு வருசம் ஆவுது. இந்த ஹால்லதான் பசங்க இன்டர்வியூக்குப் பேசிப் பழகிக்கினு இருந்துச்சுங்க. பஸ் வச்சிக்கினு சென்னைக்குக் கிளம்புனாங்க. திண்டிவனம் தாண்டல. லாரி..."

அதற்குள் பிரியா வந்துவிட்டாள். இஸ்திரி போட்ட சுடிதார், கையில் ஃபைல், முகமெல்லாம் பதற்றம்.

"சிக்னல் எப்படிக்கா?"

சொல்லவா முடியும்? "சூப்பரா இருக்குதுடி. உக்காரு" என்றேன்.

நன்றாகத்தான் ஆரம்பித்தது. திரையில் கண்ணாடி போட்ட ஒரு மேடம் கேள்வி கேட்க, பிரியா திக்காமல் பதில் சொன்னாள். நான் கடைசி வரிசையில் லேப்டாப்போடு உட்கார்ந்து ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மல்லிகை வாடை திரும்ப வந்தது.

கோடு இறங்கியது.

லேப்டாப்பை ஏந்திக்கொண்டு எழுந்தேன். கடைசி வரிசையில் சிக்னல் நன்றாக இருந்தது. நடு வரிசையிலும் குறையில்லை. கதவோரத்திலும் அப்படியே. பிரியாவை நெருங்க நெருங்கத்தான் செத்தது. அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றபோது என் புஜத்தில் ஜில்லென்று ஏதோ உரசியது.

அவளைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள்.

"ஹலோ? கேக்குதாம்மா? கட் ஆகுது" என்றாள் திரையில் இருந்தவள். படம் உறைந்தது. பிரியா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவள் முகத்தைப் பார்த்ததும் பயத்தை மீறி வார்த்தை வந்தது. அவள் தலைக்குப் பின்னால் இருந்த வெற்றிடத்தில் குனிந்து முணுமுணுத்தேன்.

"உங்களுக்குக் கிடைக்காமப் போச்சு. பாவம்தான். இவளுக்காவது வழி விடுங்க, கெஞ்சிக் கேக்கறேன். இவளுக்குக் கிடைச்சா உங்க எல்லாருக்கும் கிடைச்ச மாதிரிதானே."

ஆறுதலுக்கு நாம் எல்லோரும் சொல்கிற பேச்சுதான். யோசித்தா சொல்கிறோம்?

ஹாலுக்குள் யாரோ மூச்சு விட்ட மாதிரி ஒரு சத்தம். படம் உயிர் பெற்றது. கடைசிவரை ஒரு தடவைகூட அறுந்துபோகவில்லை.

பிரியாவுக்கு வேலை கிடைத்தது. ஜூலையில் சென்னைக்குப் போனாள். அதற்குப் பிறகு வேறு வேலையாக அந்தக் காலேஜுக்குப் போனபோது ஹாலையும் எட்டிப் பார்த்தேன். சிக்னல் முழுசாக இருந்தது. தையல்நாயகி உள்ளே நின்று கூட்டிக்கொண்டிருந்தாள். வெறும் தூசி வாடை. போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று மனசு லேசானது.

அன்று சாயங்காலமே பிரியா ஃபோன் செய்தாள். குரல் விட்டு விட்டு வந்தது.

"அக்கா, நீ வைஃபைக்காரிதானே, ஒண்ணு சொல்லு. ஆபீஸ்ல எல்லாருக்கும் நல்லா வருது, என் சீட்ல மட்டும் ஒரே பேஜாரு. வேற சீட்டு கொடுத்தாங்க, நான் போனதும் அங்கயும் போயிருச்சு."

"பிரியா... உன் பக்கத்துல யாருடி இருக்காங்க?"

"யாருமில்லையே. எல்லாரும் கிளம்பிட்டாங்க." சிரித்தாள். "ஆனா ஒண்ணுக்கா, புது ஊராச்சே, பயப்படுவேன்னு நெனச்சேன். இங்க வந்ததுல இருந்து ஒரு நிமிஷம்கூட தனியா இருக்கிற மாதிரியே தோணல."