பின்னறைப் பலகை

விலைக்கு வந்த வீட்டைப் பார்க்க ஆட்கள் மாலையில் வருவதாக இருந்தார்கள். கூடத்தின் நடுவில் ஒரு தரைப்பலகை உளுத்துப்போய், கால் வைத்தால் உள்ளே இறங்கியது. அதனால் காலையிலேயே தச்சர் வந்துவிட்டார். வீட்டுக்காரி தனி ஆள். இந்த வீட்டைத் தலைமுழுகிவிட்டு எங்காவது போய் நிம்மதியாக மூச்சுவிட வேண்டும், அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

தச்சர் பலகையை நெம்பிக் கிளப்பினார். மக்கிய வாடை எழுந்தது.

“புதுப் பலகை போட்டா தனியாப் பல்ல இளிக்கும்மா. யாரும் பாக்காத ரூம்ல இருந்து பழைய பலகை ஒண்ண எடுத்து இங்க போடுவோம். புதுச அங்க போட்டுடலாம். யாருக்கும் தெரியாது.”

யாரும் பார்க்காத அறை அந்த வீட்டில் ஒன்றுதான் இருந்தது. பின்னறை. அதன் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது. தச்சர் அதை ஒரு முறை பார்த்தார், அவளை ஒரு முறை பார்த்தார். தாழ்ப்பாளை நீக்கிக்கொண்டு உள்ளே போனார்.

அது அவளுடைய அக்காவின் அறை. அக்காவுக்குப் பேச்சு வராது. ஒரே இடத்தில் உட்கார்ந்து நாள் முழுக்க முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருப்பாள். யாராவது வந்தால் அம்மா அவளை உள்ளே தள்ளித் தாழ்ப்பாள் போடுவாள். அம்மா போன பிறகு அந்த உத்தியோகம் தங்கைக்கு வந்தது. செய்யக் கை கூசியதா என்றால், அதுவும் இல்லை. அக்காவின் கடைசி நாளன்றும் பக்கத்து வீட்டார் வந்து கதையளந்துகொண்டிருந்தார்கள். உள்ளே தட்டுகிற சத்தம் கேட்டது.

“எலிங்க” என்று சொல்லிச் சிரித்தாள் தங்கை.

அவர்கள் போன பிறகு திறந்து பார்த்தால், அக்கா சில்லிட்டுக் கிடந்தாள்.

தச்சர் பெயர்த்தது, அக்கா உட்கார்ந்து உட்கார்ந்தே வழவழப்பாகிப்போன பலகையை. வேண்டாம் என்றால், என்ன காரணம் சொல்வது?

கூடத்தில் அது கச்சிதமாகப் பொருந்தியது.

மாலையில் ஒரு புருஷனும் மனைவியும் வந்தார்கள்.

“நல்ல வெளிச்சமா இருக்கு. நீங்க மட்டுந்தான் இருக்கீங்களா?” என்றாள் வந்த பெண்.

“ஆமா. இந்த வீட்டுல எப்பவுமே நான் ஒருத்திதான்.”

கிரீச்.

பலகையின் மேல் யாரும் நிற்கவில்லை.

கிரீச்... கிரீச்... முன்னும் பின்னும்.

அக்காவின் சிக்குப் பிடித்த தலைமுடியின் எண்ணெய் வாடை மெல்லப் பரவியது. வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். வீட்டுக்காரிக்கு ஆத்திரம் வந்தது. செத்த பிறகும் மானத்தை வாங்குகிறாளே! பழக்க தோஷத்தில், பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தாள்.

“அக்கா, உள்ள போ.”

சத்தம் நின்றது.

“கொஞ்சம் இருங்க, பின்னறை ஜன்னலத் திறந்துட்டுக் கூப்பிடுறேன்” என்று விறுவிறுவென்று போனாள்.

புதுப் பலகையில் கால் வைத்ததும் பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

வெளியே தாழ்ப்பாள் விழுந்தது.

கத்தினாள். குரல் எழவில்லை, காற்றுதான் வந்தது. இரண்டு கையாலும் கதவைத் தட்டினாள்.

“உள்ள யாரோ தட்டுறாங்களே?” என்று அந்தப் பெண் கேட்பது காதில் விழுந்தது.

கூடத்திலிருந்து அவளுடைய குரலே சிரித்துக்கொண்டு பதில் சொன்னது.

“எலிங்க.”