திங்கட்கிழமைத் தீட்டு

பிணத்தின் சட்டைப்பையில் செல்போன் அடித்தது.

பன்னிரண்டாவது முறை!

இன்ஸ்பெக்டர் ரஃபியுதீன் குனிந்து அதை எடுத்துக் காதில் வைத்தார்.

"சார்... எங்க பாட்டன் கெடைச்சாரா?"

ஒரு பெண் குரல்.

"பாட்டன் கெடைக்கலம்மா. தேடப் போனவருதான் கெடைச்சிருக்காரு. பொணமா."

எதிர்முனையில் ஓர் அலறல். இணைப்பு செத்தது.

கடலூர், செம்மண்டலம். 2010 மாசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. மாடியில் ஒற்றை அறை. தரையில் கொளஞ்சியப்பன், வயது நாற்பத்தெட்டு. கழுத்தில், பழைய ரிக்கார்டுகளைக் கட்டிவைக்கும் சிவப்பு நாடா...

நாலு சுற்று!

"யாரோட பாட்டனையோ தேடுனாராமே... யாரு இவரு?" என்றார் ரஃபியுதீன்.

ஏட்டு ஞானாம்பாள் வீட்டுக்காரம்மாவிடம் ஏற்கெனவே எல்லாவற்றையும் கறந்திருந்தாள்.

"ரிக்கார்டு கொளஞ்சின்னா தாலுகா ஆபீஸ் நாய்க்கு கூட தெரியும் சார். பழைய பட்டா, பொறப்பு எறப்பு பதிவேடு, வெள்ளைக்காரன் காலத்து ரிஜிஸ்டரு... எல்லாத்தையும் தோண்டி, குடியானவங்களுக்கு வம்சாவளி எழுதித் தர்றவரு. பூட்டன் யாரு, பூட்டனுக்கு அண்ணன் தம்பி யாருன்னு புட்டுப் புட்டு வெப்பாரு."

"இவருக்கு யாரு இருக்கா?"

"அங்கதான் சார் கூத்து. ஒருத்தரும் இல்ல. ஆத்தா செல்லாயி இவரோட ஆறு வயசுல போயிட்டா. அநாதை ஹோம்ல வளந்தாரு. ஊருக்கெல்லாம் பாட்டனக் கண்டுபுடிச்சாரு... இவரு பாட்டன் யாருன்னு இவருக்கே தெரியாது."

அலமாரியில் முப்பது பைல்கள். ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பத்தின் பேர். எல்லாம் கர்ப்பிணி மாதிரி வீங்கியிருந்தன.

ஒன்றைத் தவிர.

அது காலி!

அட்டையில் எழுதியிருந்தது: 'கிள்ளை ராமாமிர்தம் - வம்சாவளி.'

டாக்டர் பார்த்துவிட்டுச் சொன்னார். "நேத்து மதியம் செத்திருக்கார். ரெண்டுலேர்ந்து நாலுக்குள்ள."

நேற்று... திங்கட்கிழமை.

மறுநாள் சிதம்பரத்தைத் தாண்டி ஜீப் கிள்ளைக்குள் நுழைந்தது.

ராமாமிர்தம் வீட்டு வாசலில் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கட்டிய பந்தல் அல்ல, பாதி கட்டிய பந்தல்!

ராமாமிர்தத்துக்குச் சவரம் செய்யாத முகம். சிவந்த கண்.

"நேத்து உங்க ஸ்டேசன்லேர்ந்து போன் வந்தப்பதான் சார் தெரியும். ஹோம் பையன்னு பள்ளிக்கூடத்துல எவனும் பக்கத்துல உக்கார மாட்டான். நான்தான் உக்காந்தேன். அன்னியிலேருந்து மச்சான் மச்சான்னு... முப்பத்தஞ்சு வருசம் சார்!"

அழுதார். அழுகை நிஜமாகத்தான் இருந்தது.

"கடைசியா எப்ப பாத்தீங்க?"

"பத்து நாளைக்கு முன்னாடி. ஒரு கம்பெனிக்காரன் எங்க நெலத்த வாங்கறான் சார். நான் ஒருத்தன்தான் வாரிசுன்னு காட்டணுமாம். வேற ஒரு பங்காளி தலை தெரிஞ்சாலும் கிரயம் இல்லன்னுட்டான். மச்சான்தான் வம்சாவளி எழுதிக் குடுத்தான். அதுக்கப்புறம் நான் கடலூர் பக்கமே போவல."

தாளை நீட்டினார்.

அய்யாக்கண்ணு. அவர் மகன். அவர் மகன். ராமாமிர்தம்.

கிளையே இல்லாமல் பனைமரம் போல நேராக நின்றது குடும்பம்.

"கிரயம் நின்னு போனா?"

"என் பொண்ணு கல்யாணம் நிக்கும் சார். மாப்ள வீட்டுக்குக் குடுத்த வாக்கே இந்த நெலத்த நம்பித்தான்."

சௌந்தரம் மோர் கொண்டுவந்தாள். ராமாமிர்தத்தின் மனைவி. முகத்தில் மோரைவிடப் புளிப்பு.

"பந்தல ஏம்மா பிரிக்கிறாங்க?" என்றாள் ஞானாம்பாள்.

"இவரக் கேளுங்க. வெள்ளிக்கெழம எங்க பொண்ணு பிரீதாவுக்கு நிச்சயம். தள்ளி வெச்சுட்டாரு. பதினாறு நாளு தீட்டாம்!"

"சௌந்தரம்... உள்ள போ!"

"என்னா உள்ள போ? வெளக்கு ஏத்தாதங்கறீங்க. தரையில படுக்கறீங்க. யாரு தீட்டுன்னு கேட்டா வாயில கொழுக்கட்ட. மாப்ள வீட்டுக்கு நானா பதில் சொல்றது?"

ராமாமிர்தம் தலையைக் குனிந்துகொண்டார்.

"உசுரு சிநேகிதன் சார். எனக்கு மனசு கேக்கல..."

ரஃபியுதீனுக்கு அது நியாயமாகவே பட்டது. எழுந்தார்.

ஜீப் தெருமுனையைத் தாண்டவில்லை. பின் சீட்டில் ஞானாம்பாள் சிரித்தாள்.

"என்னா ஏட்டம்மா, எழவு வீட்டுக்குப் போயிட்டு வந்து சிரிப்பு?"

"நீங்க பாய் சார்... உங்களுக்குத் தெரியாது. சிநேகிதன் செத்தா எங்காளுங்க அழுவோம். மால போடுவோம். மனசு கேக்கலன்னா ரெண்டு நாளு கறி திங்க மாட்டோம். ஆனா பதினாறு நாளு தீட்டு காக்க மாட்டோம்!"

"பின்ன யாருக்குக் காப்பீங்க?"

"பங்காளிக்குத்தான் சார். ஒரே பாட்டன் பூட்டன் வழியில வந்த ஆம்பளைங்களுக்கு. மாமன் மச்சானுக்கு கூட அத்தன நாளு கெடையாது."

ரஃபியுதீனின் புருவம் ஏறியது.

"அந்தாளுக்குத்தான் பங்காளியே இல்லையே. பனைமரமாச்சே!"

"அதான் சார் நானும் சிரிச்சேன்."

"திருப்புய்யா வண்டிய!"

இந்த முறை ரஃபியுதீன் ராமாமிர்தத்திடம் பேசவில்லை. நேராகச் சௌந்தரத்திடம் போனார்.

"தீட்டுன்னு எப்பம்மா சொன்னாரு?"

"திங்கக்கெழம சார். கடலூரு போயிட்டு சாயங்காலம் வந்தாரு. வூட்டுக்குள்ள கால் வெக்கல. கெணத்தடிக்குப் போயி தலைக்கு ஊத்திக்கிட்டாரு. அப்புறந்தான் பந்தல நிறுத்தச் சொன்னாரு."

"திங்கக்கிழம..." ரஃபியுதீன் திரும்பினார். "ஏன் ராமாமிர்தம், நாங்க பொணத்தப் பாத்ததே செவ்வாக்கிழம காலையிலதான். உங்களுக்கு மட்டும் முந்துன நாளே தீட்டு வந்துடுச்சா?"

பந்தல்காரர்களின் கைகள் நின்றன.

சௌந்தரத்துக்குப் புரிந்துவிட்டது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

"யோவ்... கொலைக்குப் பயப்படாதவன் தீட்டுக்கு எதுக்குய்யா பயந்த?" என்றார் ரஃபியுதீன்.

ராமாமிர்தம் பாதி பிரித்த பந்தலைப் பார்த்தார்.

"தீட்டோட தாம்பூலம் மாத்துனா... என் பொண்ணு தாலி அறுத்துடுவா சார்!"

அவ்வளவுதான். மீதி தானாகக் கொட்டியது.

"திங்கக்கெழம கூப்பிட்டான் சார். நான் எழுதிக் குடுத்தது தப்புடா, இன்னும் பழைய ரிஜிஸ்டரு ஒண்ணு கெடைச்சிருக்குன்னான். அய்யாக்கண்ணுக்கு ரெண்டு புள்ளயாம். ரெண்டு பேரு பேர்லயும் கூட்டுப் பட்டா. பெரியவன் ரங்கூன் போயிட்டானாம். அவன் மகன் பொண்டாட்டி பேரு செல்லாயின்னு அதுல எழுதியிருக்காம். அவன் பேரன் யாருன்னு தெரியுமாடான்னு கேட்டான்."

"யாரு?"

"'நான்தான்டா!'ன்னான் சார். சிரிக்கிறான்... அழுவறான்... 'இனிமே என்ன மச்சான்னு கூப்புடாத, அண்ணன்னு கூப்புடு'ங்கறான். பாதி நெலம் போச்சேன்னு எனக்குக் கண்ணக் கட்டிக்கிச்சு. 'வெள்ளிக்கெழம நிச்சயத்துக்கு வர்றேன், சபையில ஒரு விசயம் சொல்லணும்'னான். சம்பந்தி முன்னாடி பங்கு கேக்கப் போறான்... நாசமாக்கப் போறான்னு..."

"அப்புறம்?"

"மேசையில நாடா கெடந்துச்சு சார்."

"ரிக்கார்டு?"

"வர்ற வழியில கொளுத்திட்டேன்."

ராமாமிர்தத்தின் கையில் விலங்கு விழுந்தது. சௌந்தரம் அவரைப் பார்க்கவில்லை. வாசலில் கிடந்த மூங்கிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாலை ஐந்து மணி. கடலூர் ஸ்டேஷன்.

தடித்த கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் மூச்சு வாங்க உள்ளே வந்தார். பெயர் ஹேமசபேசன். சிதம்பரத்தில் பத்திர எழுத்தர்.

"கொளஞ்சி கொலைன்னு பேப்பர்ல பாத்தேன் சார். என்கிட்ட ஒரு பத்திரம் இருக்கு. அவர்தான் சனிக்கிழமை வந்து எழுதச் சொன்னார். வெள்ளிக்கிழமை காலைல ரிஜிஸ்டர் பண்றதா இருந்தது."

பெஞ்சில் உட்கார்ந்திருந்த ராமாமிர்தம் நிமிர்ந்தார். கண்ணில் ஒரு பளிச்.

"பாத்தீங்களா சார்! பங்கு கேட்டு பத்திரம் எழுதியிருக்கான்! நான் சொன்னேன்ல? மச்சான் மச்சான்னு கூடவே இருந்து என் கழுத்த அறுத்துட்டான் சார்!"

"படிங்க சாமி," என்றார் ரஃபியுதீன்.

ஹேமசபேசன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"விடுதலைப் பத்திரம் சார் இது. அதாவது, உரிமை வேண்டாம்னு எழுதித் தர்றது. '...மேற்படி கூட்டுப் பட்டா நிலத்தில் எனக்குச் சேரவேண்டிய பாகம் முழுவதையும், எவ்விதப் பிரதிபிரயோஜனமும் இன்றி, என் தம்பி ராமாமிர்தத்துக்கே விட்டுக் கொடுக்கிறேன். எனக்கு வேறு உற்றார் இல்லாதபடியால், என் காலத்துக்குப் பின் எனக்குச் செய்யவேண்டிய காரியங்களை மேற்படி தம்பியே முன்நின்று செய்யவேண்டியது.' இவ்வளவுதான்."



"எதுக்கய்யா இப்படி மொத்தத்தையும் விடறீர்னு கேட்டேன் சார். பொண்ணுக்குப் பெரியப்பா வீட்டுச் சீர் ஒண்ணு போக வேண்டாமான்னார். சபையில தரணும், தம்பி மூஞ்சியப் பாக்கணும்னு சொல்லிச் சிரிச்சார்."

ராமாமிர்தம் பெஞ்சிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்தார்.

"அவன்... இத எங்கிட்ட சொல்லலயே சார்..."

"சொல்ல விட்டாத்தானய்யா?"

மேசையில் போன் அடித்தது. ஞானாம்பாள் எடுத்தாள். கேட்டாள். போனைப் பொத்திக்கொண்டாள்.

"ஜி.எச்.லேருந்து சார். போஸ்ட்மார்ட்டம் முடிஞ்சுதாம். பாடிய ஒப்படைக்க ரத்த சொந்தம் யாராச்சும் கையெழுத்து போடணுமாம். ஆள் இருக்கான்னு கேக்கறாங்க."

ரஃபியுதீன் தரையில் கிடந்தவரைப் பார்த்தார்.

"இருக்குன்னு சொல்லு. கொள்ளி வைக்கவும் சேத்து."

ஞானாம்பாள் ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள். பேனாவின் மூடியைக் கழற்றினாள். ராமாமிர்தத்தின் விலங்குக் கைக்குள் திணித்தாள்.

"போடுய்யா கையெழுத்த. மொத்தமும் உனக்கேதான்... இதுல பங்குக்கு வர ஒரு பய கெடையாது!"