கொள்ளைக்காரன் நுழைந்த வரவேற்பறை

சிகாகோவில் அந்நாளில் டெலிவிஷன் நாடகமெல்லாம் நேரடி ஒளிபரப்பு. தும்மினால் ஊருக்கே கேட்கும். வசனம் மறந்தால்... வேலை போச்சு.

வினிஃப்ரெட்டுக்கு மறந்துவிட்டது. பேசாத புருஷனால் மனம் உடைந்த மனைவி வேஷம். காமிரா அவள் முகத்தையே பார்க்கிறது. அடுத்த வரி? காணோம். அந்தச் சாம்பல் நிறக் கண்களில் நிஜக் கண்ணீர்...

அப்போது கதவைத் திறந்துகொண்டு ஒரு கொள்ளைக்காரன் வந்தான். தொப்பி, ஒட்டு மீசை, துப்பாக்கி. பக்கத்து ஸ்டூடியோ கௌபாய் நாடகத்தின் வில்லன் எமில். அவசரத்தில் கதவு மாறிவிட்டது.

பார்த்தான். பார்த்தாள். தொப்பியைக் கழற்றினான்.

"ஏம்மா அழறீங்க?"

"என்னை... யாருமே இப்படிக் கேட்டதில்ல!"

மடை திறந்ததுபோல் மறந்த வசனமெல்லாம் வந்து கொட்டியது. முடிவில், மனநல டாக்டராக நடித்தவர் கண் சிமிட்டாமல், "கொள்ளைக்காரன் வந்தது இவர் மனம் கற்பித்துக்கொண்ட ஆறுதல்" என்று சமாளித்தார். சிகாகோ முழுக்கத் தலையாட்டியது. அந்த வாரம் பல புருஷன்மார் மனைவியை நலம் விசாரித்து, 'உடம்பு சரியில்லையா?' என்று திருப்பிக் கேட்கப்பட்டார்கள்.

பக்கத்து ஸ்டூடியோவில்தான் சங்கடம். சுட ஆளில்லாமல் ஷெரீப் ஒரு நாற்காலியைச் சுட்டார். அது பிரமாதமாகச் செத்தது.

ஒளிபரப்பு முடிந்ததும் நடைவழியில் வினிஃப்ரெட் எமிலைப் பிடித்துக்கொண்டாள்.

"என் காட்சியைக் கெடுக்கத்தான் வந்தீங்களா? நான் ஒண்ணும் வசனம் மறக்கல!"

"சரிங்க மேடம். நான்தான் வழி மறந்தேன்."

மீசை பாதி உரிந்து தொங்க, போய்விட்டான்.

"பாவம்டி அந்தப் பிள்ளை," என்றாள் ஒப்பனைக்கார டோரிஸ். "இப்பத்தான் சீட்டைக் கிழிச்சு அனுப்பினாங்க."

கொட்டும் மழையில் டிராம் நிறுத்தத்துக்கு ஓடினாள் வினிஃப்ரெட்.

"எமில்! கதவு மாறினதுக்கா வேலை போச்சு?"

"மாறினது உடனே தெரிஞ்சுது. காமிரா என்னைப் பாக்கறதுக்குள்ள திரும்பியிருக்கலாம். ஆனா உங்க கண்ணு... வரி மறந்த கண்ணு எனக்குத் தெரியாதா? நானும் அதே பொழப்புதானே."

தெரிந்தேதான் வந்தானா! அவள் வீறாப்பு மழையோடு வழிந்தது.

"மறந்துட்டேன்... சத்தியமா. நீங்க இல்லன்னா இன்னிக்கு நான்தான் வீட்டுக்குப் போயிருப்பேன். நன்றி சொல்லிட்டுத் திரும்பிடலாம்னு வந்தேன்... முடியல. உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு."

எமிலின் மீசை விழுந்தே விட்டது.

"இது எந்த நாடகத்து வசனம்?"

"யாரும் எழுதிக் குடுக்கல."

டிராம் வந்து நின்றது. கண்டக்டர் எட்டிப் பார்த்தார்.

"ஏறப்போறீங்களா இல்லையா?"

"நீங்க போங்க சார்," என்றான் வேலை போன எமில். "எனக்கு இங்க வேலை இருக்கு."